ஒப்ஜெக்டையே பங்ஷன் போல அழைப்பது: பைதனில் __கோல்__ எப்படி வேலை செய்கிறது

கேள்வி (சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலைக்குக் கணக்கு நிரல் எழுதும் தம்பி ஒருவர் கேட்டது): "நெல்விலை என்று ஒரு கிளாஸ் (ஒப்ஜெக்டுகளைச் செய்து தரும் அச்சு) எழுதி, அதிலிருந்து நாடு நெல் வகைக்கு நாடு என்ற ஒப்ஜெக்டைச் செய்தேன். நாடு(860, 18) என்று நிறையையும் ஈர சதவீதத்தையும் கொடுத்து அடைப்புக்குறி போட்டதும் விலை வர வேண்டும் என்பதற்காக, நாடு.__கோல்__ = விலைகணி என்று ஒரு பங்ஷனை அதில் கட்டிவிட்டேன். ஆனாலும் 'ஒப்ஜெக்ட் இஸ் நொட் கோலபிள்' (இந்த ஒப்ஜெக்டை அழைக்க முடியாது) என்றே பிழை வருகிறது. நாடு.__கோல்__(860, 18) என்று நீட்டி எழுதினால் மட்டும் விடை வருகிறது. ஏன்? இந்த வசதி உண்மையில் எங்கே உதவும்?"

பதில்:

தம்பி, பிழை ஒரே இடத்தில்தான். __கோல்__ உங்கள் ஒப்ஜெக்டின் மேல் தொங்குகிறது. அது கிளாசுக்குள் இருக்க வேண்டும். ஒரு பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியைக் கண்டதும் பைதன் அந்த ஒப்ஜெக்டிடம் கேட்பதில்லை. அது எந்தக் கிளாசைச் சேர்ந்ததோ அந்தக் கிளாசில் __கோல்__ இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். நீங்கள் புள்ளி வைத்து நீட்டி எழுதும்போது நடப்பது வேறு: அது சாதாரணமாகப் பெயர் தேடுவது. அந்தத் தேடல் ஒப்ஜெக்டையும் பார்ப்பதால் நீங்கள் கட்டிய பங்ஷன் அகப்பட்டுவிடுகிறது.

கீழே வரும் நிரலில் பைதனின் சொந்தச் சொற்களைத் தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறேன். கிளாஸ், டெஃப், இஃப், ரிட்டர்ன், __இனிட்__, __கோல்__ போன்றவற்றை ஆங்கில எழுத்திலேதான் தட்டச்சுச் செய்ய வேண்டும். நாம் வைக்கும் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம், பைதன் 3 அவற்றை ஏற்றுக்கொள்ளும். 'செல்ஃப்' என்பதுகூடப் பைதனின் ஒதுக்குச் சொல் அல்ல, வழக்கம் மட்டுமே. ஆகவே இங்கே அதற்குத் 'தன்' என்று வைத்திருக்கிறேன்.

கிளாஸ் நெல்விலை:
    டெஃப் __இனிட்__(தன், கிலோவிலை, ஈரஎல்லை):
        தன்.கிலோவிலை = கிலோவிலை
        தன்.ஈரஎல்லை = ஈரஎல்லை

    டெஃப் __கோல்__(தன், நிறை, ஈரம்):
        இஃப் ஈரம் > தன்.ஈரஎல்லை:
            நிறை = நிறை * (100 - ஈரம்) / (100 - தன்.ஈரஎல்லை)
        ரிட்டர்ன் நிறை * தன்.கிலோவிலை

நாடு = நெல்விலை(120, 14)
சம்பா = நெல்விலை(130, 14)

நாடு(860, 18) → 98400.0
சம்பா(860, 18) → 106600.0

விலைகள் உதாரணத்துக்கு வைத்தவை. 860 கிலோ நெல்லில் ஈரம் 18 சதவீதம் என்றால் உலர்ந்த பகுதி 705.2 கிலோ. அதே உலர்ந்த பகுதி 14 சதவீத ஈரத்தோடு இருந்தால் மொத்த நிறை 820 கிலோ. 820 ஐ 120 ஆல் பெருக்கினால் 98,400 ரூபாய். மேலதிகமான 4 சதவீதத்தை நேரே கழிக்கும் முறையும் உண்டு. அப்படிச் செய்தால் 825.6 கிலோ வரும். 5.6 கிலோ, அதாவது ஒரே வண்டியில் 672 ரூபாய் வித்தியாசம். பெரும்போக வெட்டில் மெஷினிலிருந்து நேரே ஆலைக்கு வரும் ஈர நெல்லுக்கு இந்த வித்தியாசம் வண்டிக்கு வண்டி சேர்ந்துகொண்டே போகும். ஆகவே கழிவு முறை எது என்பதை ஆலைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துவிட்டே நிரலில் எழுதுங்கள். இந்த விஷயத்துக்குக் கொஞ்சம் கழித்துத் திரும்பி வருகிறேன்.

முதலில், பைதன் ஏன் ஒப்ஜெக்டை விட்டுவிட்டுக் கிளாசைப் பார்க்கிறது என்பது விளங்க வேண்டும். விளங்கினால் இந்தப் பிழை மறுபடி வராது. பைதனில் கிளாஸும் ஓர் ஒப்ஜெக்ட்தான். நெல்விலை(120, 14) என்று எழுதுவதும் ஓர் அழைப்புத்தான். இப்போது யோசித்துப் பாருங்கள்: நெல்விலைக்குள் __கோல்__ என்ற பெயர் இருக்கிறது. அடைப்புக்குறிக்கு முன்னால் இருப்பதன் மேலேயே __கோல்__ ஐத் தேடுவது விதியாக இருந்திருந்தால், புது ஒப்ஜெக்ட் செய்ய நீங்கள் எழுதிய நெல்விலை(120, 14) விலைக் கணக்கை ஓட்டப் போயிருக்கும்! அப்படி நடக்காததற்குக் காரணம், தேடல் எப்போதும் ஒரு படி மேலே போவதுதான். நாடு(860, 18) க்கு நெல்விலையில் தேடல். நெல்விலை(120, 14) க்கு நெல்விலையின் வகையான 'டைப்'பில் தேடல். அந்த 'டைப்'பின் __கோல்__ தான் ஒப்ஜெக்டை உண்டாக்கும் __நியூ__ வையும், அதில் தொடக்க மதிப்புகளை வைக்கும் __இனிட்__ ஐயும் வரிசையாக ஓட்டி, புது ஒப்ஜெக்டைக் கையில் தருகிறது.

ஆகவே __இனிட்__ க்கும் __கோல்__ க்கும் உள்ள வேறுபாட்டை இப்படி மனதில் வையுங்கள்: கிளாஸின் பெயருக்குப் பின்னால் வரும் அடைப்புக்குறி __இனிட்__ க்கு, ஒப்ஜெக்டின் பெயருக்குப் பின்னால் வரும் அடைப்புக்குறி __கோல்__ க்கு. இரண்டையும் ஒரே வரியில் நெல்விலை(120, 14)(860, 18) என்றும் எழுதலாம், 98400.0 தான் வரும். வாசிக்கச் சிரமம் என்பதால் உண்மை நிரலில் அப்படி எழுத வேண்டாம்.

உங்கள் பங்ஷனை வெளியிலிருந்தே கட்டத்தான் வேண்டும் என்றால், நெல்விலை.__கோல்__ = விலைகணி என்று கிளாசில் கட்டுங்கள். ஏற்கனவே செய்து வைத்த ஒப்ஜெக்டுகளுக்கும் அது உடனே பொருந்தும். ஆனால் அந்தப் பங்ஷன் முதலாவது உள்ளீடாகத் 'தன்'னை வாங்க வேண்டும். பைதன் 2 இல் ஒப்ஜெக்டின் மேல் கட்டினாலும் வேலை செய்த பழைய வகைக் கிளாஸ் ஒன்று இருந்தது. அந்தக் காலக் குறிப்புகளைப் பார்த்து எழுதுபவர்கள் இன்றும் இந்த இடத்தில் இடறுகிறார்கள்.

இன்னொரு நிலை இதைவிட ஆபத்தானது. கிளாசில் __கோல்__ ஏற்கனவே இருக்க, நீங்கள் ஒப்ஜெக்டின் மேலும் ஒன்றைக் கட்டினால் பிழைச் செய்தியே வராது. நாடு(860, 18) கிளாசில் உள்ளதையே ஓட்டும், நீங்கள் கட்டியது சும்மா கிடக்கும். தவறான தொகை ரசீதில் அச்சாகும் வரை யாருக்கும் தெரியாது.

நாடு நெல்லுக்கு ஒரு கழிவு முறை, கீரிச்சம்பாவுக்கு இன்னொன்று என்று ஒப்ஜெக்டுக்கு ஒப்ஜெக்ட் மாற வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்று நினைக்கிறேன். அதற்கு __கோல்__ ஐ மாற்ற வேண்டியதில்லை. மாறும் பகுதியை மட்டும் ஒரு பங்ஷனாக உள்ளே கொடுங்கள்:

டெஃப் உலர்நிறை(நிறை, ஈரம், எல்லை):
    ரிட்டர்ன் நிறை * (100 - ஈரம்) / (100 - எல்லை)

டெஃப் நேர்க்கழிவு(நிறை, ஈரம், எல்லை):
    ரிட்டர்ன் நிறை * (100 - (ஈரம் - எல்லை)) / 100

__இனிட்__ இல் 'கழிவு' என்று மூன்றாவது உள்ளீட்டை வாங்கி, தன்.கழிவு = கழிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். __கோல்__ இற்குள், இஃப் இன் கீழ் உள்ள பழைய வரிக்குப் பதிலாக, நிறை = தன்.கழிவு(நிறை, ஈரம், தன்.ஈரஎல்லை) என்று எழுதுங்கள். பிறகு நெல்விலை(120, 14, உலர்நிறை) ஒன்று, நெல்விலை(150, 14, நேர்க்கழிவு) இன்னொன்று. இதில் ஒரு நுணுக்கம்: இப்படி ஒப்ஜெக்டில் வைக்கப்பட்ட பங்ஷனுக்குத் 'தன்' தானாகப் போகாது, ஆகவே மூன்று உள்ளீடு போதும். அதே பங்ஷனைக் கிளாஸின் உடம்பில் கழிவு = உலர்நிறை என்று எழுதினால் அது மெதட் (கிளாசுக்குச் சொந்தமான பங்ஷன்) ஆகிவிடும். 'தன்' முதலில் நுழைந்து, "மூன்று எதிர்பார்த்தேன், நான்கு வந்தது" என்ற வகைப் பிழை வரும்.

எங்கே உதவும் என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். யாரோ ஒருவர் "ஒரு பங்ஷனைத் தா, நேரம் வரும்போது நான் அழைக்கிறேன்" என்று கேட்கும் இடத்தில், அந்தப் பங்ஷனுக்குச் சில விஷயங்கள் நினைவிலும் இருக்க வேண்டும் என்றால், அதுதான் __கோல்__ க்கு உரிய இடம். வரிசைப்படுத்தும் 'சோர்ட்டட்'டின் 'கீ', 'மெப்', திரையில் உள்ள பட்டன் எல்லாமே இப்படிக் கேட்பவை. தங்களிடம் வந்தது பங்ஷனா ஒப்ஜெக்டா என்று அவை பார்ப்பதில்லை, அடைப்புக்குறி போட்டால் ஓடுகிறதா என்பதே அவற்றுக்கு வேண்டியது.

பட்டனையே எடுத்துப் பார்ப்போம், அதிகம் பிழை விடும் இடம் அது. திரையில் பட்டன், பெட்டி போன்றவற்றைச் செய்யும் டிக்கின்டரில் மூன்று நெல் வகைக்கு மூன்று பட்டன் செய்கிறோம்:

ஃபோர் பெயர் இன் ["நாடு", "சம்பா", "கீரிச்சம்பா"]:
    பட்டன்(திரை, டெக்ஸ்ட்=பெயர், கொமாண்ட்=லாம்டா: பதி(பெயர்))

பட்டனின் மேல் எழுத்து சரியாகவே இருக்கும். ஆனால் எதை அழுத்தினாலும் கீரிச்சம்பாதான் பதிவாகும். லாம்டா (பெயர் வைக்காமல் ஒரே வரியில் எழுதும் பங்ஷன்) 'பெயர்' என்ற மாறியைத்தான் பிடித்து வைத்திருக்கிறது, அந்த நேரத்து மதிப்பை அல்ல. நீங்கள் அழுத்தும் நேரத்தில் லூப் முடிந்து, அந்த மாறியில் கடைசி மதிப்பு நிற்கிறது. லாம்டா பெயர்=பெயர்: பதி(பெயர்) என்று எழுதித் தப்பலாம். அதைவிடத் தெளிவானது, __இனிட்__ இல் பெயரை வைத்துக்கொண்டு __கோல்__ இல் பதியும் 'பதிவு' என்ற கிளாஸ். கொமாண்ட்=பதிவு(பெயர்) என்று எழுதினால் ஒவ்வொரு பட்டனுக்கும் சொந்தப் பெயரோடு ஓர் ஒப்ஜெக்ட் கிடைக்கும்.

இங்கே ஒரு மயக்கம் வரும். "கொமாண்டுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போடக்கூடாது என்று படித்தோமே, இங்கே போட்டிருக்கிறதே?" பங்ஷனாக இருந்தால் போடக்கூடாது. கொமாண்ட்=சேமி() என்று எழுதினால் சேமி அந்த வரியிலேயே ஓடிவிடும், அது திருப்பித் தந்த 'நன்' (ஒன்றுமில்லை என்ற மதிப்பு) பட்டனில் ஒட்டிக்கொள்ளும், பிறகு அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஆனால் பதிவு(பெயர்) என்பது முதலாவது அடைப்புக்குறி, ஒப்ஜெக்டைச் செய்வது. இரண்டாவது அடைப்புக்குறியைப் பட்டன் போடும், அழுத்தும்போது.

அடுத்த பயன், அழைப்புக்கும் அழைப்புக்கும் இடையில் கணக்கு வைத்திருப்பது. __இனிட்__ இல் தன்.மொத்தம் = 0 என்றும், __கோல்__ இல் தன்.மொத்தம் += தொகை என்றும் எழுதினால் நாள் முடிவில் நாடு.மொத்தம் என்று பார்க்கலாம். குளோபல் மாறி தேவையில்லை. நாடுக்கும் சம்பாவுக்கும் தனித்தனி மொத்தம் தானாக வரும். ஆனால் பல திரெட் (ஒரே நிரலுக்குள் பக்கம் பக்கமாக ஓடும் வேலைகள்) ஒரே ஒப்ஜெக்டை அழைத்தால் அந்த += நம்பத்தக்கதல்ல: பழைய மதிப்பை எடுப்பது, கூட்டுவது, திருப்பி வைப்பது என்று அது மூன்று வேலை, நடுவில் இன்னொரு திரெட் புகலாம். திரெடிங் மொடியூலின் லொக் (ஒரு நேரத்தில் ஒரு திரெடை மட்டும் உள்ளே விடும் பூட்டு) ஒன்றை __இனிட்__ இல் செய்து, கூட்டும் வரியை அதற்குள் அடையுங்கள்.

தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு. 'மொத்தம்' என்பதில் உள்ள ஒகரக் குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகவும் சில இரண்டு குறிகளாகவும் பதியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. நிரலில் பெயராக எழுதினால் பைதன் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். மேற்கோளுக்குள் சரமாக எழுதி 'கெட்அட்ர்' மூலம் தேடினாலோ, டிக்ஷனரியில் திறவுகோலாக வைத்தாலோ ஒன்றாக்காது. "இருக்கிற பெயரையே இல்லை என்கிறது" என்று மணிக்கணக்காகத் தேட வைக்கும் பிழை இது.

பல ஆயிரம் பதிவுகளை மல்டிபுரொசெசிங்கின் பூலில் (வேலையைப் பல புரொசெசுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது) பிரித்துக் கணக்கிடும்போது இந்த ஒப்ஜெக்டுகளின் அருமை தெரியும். வேலையை மற்றப் புரொசெசுக்கு அனுப்பப் பைதன் அதை பிக்கிள் செய்யும், அதாவது அனுப்பக்கூடிய பைட்டுகளாக மாற்றும். லாம்டாவும், பங்ஷனுக்குள் எழுதிய பங்ஷனும் பிக்கிள் ஆகா. கோப்பின் மேல்மட்டத்தில் எழுதிய கிளாஸின் ஒப்ஜெக்ட் ஆகும். நமது __கோல்__ இரண்டு உள்ளீடு வாங்குவதால் 'மெப்' சரிவராது, 'ஸ்டார்மெப்' பாவியுங்கள்: ஸ்டார்மெப்(நாடு, [(860, 18), (645, 16)]) → [98400.0, 75600.0]. விண்டோஸில் இதை இஃப் __நேம்__ == "__மெயின்__" என்ற காவல் வரிக்குள் வைக்க மறக்க வேண்டாம்.

இங்கே இரண்டு பொறி. ஒன்று, மேலே சொன்ன லொக் பிக்கிள் ஆகாது. லொக் வைத்த ஒப்ஜெக்டை பூலுக்கு அனுப்பினால் டைப்எரர் வரும். மற்றது, பூலுக்குப் போவது ஒப்ஜெக்டின் பிரதிதான். அங்கே கூடும் மொத்தம் அங்கேயே நின்றுவிடும், உங்கள் பக்கத்து நாடு.மொத்தம் 0 ஆகவே இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. பூல் பாவிக்கும்போது மொத்தத்தை __கோல்__ இல் கூட்டாமல், திரும்பி வந்த பட்டியலில் 'சம்' போட்டு எடுங்கள்.

__கோல்__ உள்ள ஒப்ஜெக்டை டெக்கரேட்டராகவும் (ஒரு பங்ஷனுக்கு மேல் போர்த்தி அதோடு இன்னொரு வேலையைச் சேர்ப்பது) பாவிக்கலாம். உதாரணமாக, ஒரு பங்ஷன் எத்தனை தடவை அழைக்கப்பட்டது என்று எண்ணும் 'எண்ணி' என்ற கிளாஸ்: __இனிட்__ இல் பங்ஷனை வாங்கி வைக்கும், __கோல்__ இல் எண்ணிக்கையை ஒன்று கூட்டிவிட்டு அந்தப் பங்ஷனை அழைக்கும். தனிப் பங்ஷனுக்கு மேல் போட்டால் அழகாக வேலை செய்யும். ஒரு கிளாசுக்குள் இருக்கும் மெதட்டுக்கு மேல் போட்டால் "தேவையான ஓர் உள்ளீடு குறைகிறது" என்று விழும். காரணம், 'தன்'னை முதல் உள்ளீடாக நிரப்பிக் கொடுப்பது புள்ளிக் குறி அல்ல. பங்ஷன் என்ற வகைக்குள் இருக்கும் __கெட்__ தான் அதைச் செய்கிறது. நமது எண்ணியில் __கோல்__ இருக்கிறது, __கெட்__ இல்லை. சேர்த்துவிட்டால் சரியாகும்:

    டெஃப் __கெட்__(தன், உரியது, வகை=நன்):
        இஃப் உரியது இஸ் நன்:
            ரிட்டர்ன் தன்
        ரிட்டர்ன் டைப்ஸ்.மெதட்டைப்(தன், உரியது)

இப்படிச் செய்தாலும் எண்ணிக்கை அந்தக் கிளாஸின் எல்லா ஒப்ஜெக்டுகளுக்கும் பொதுவானதாகவே இருக்கும், ஏனென்றால் கிளாஸ் எழுதப்படும்போது எண்ணி ஒரே தடவைதான் உருவாகிறது. டெக்கரேட்டராகப் பாவிப்பதென்றால் __இனிட்__ இல் ஃபங்டூல்ஸின் 'அப்டேட்_ரெப்பர்'ஐயும் அழையுங்கள். இல்லாவிட்டால் மூலப் பங்ஷனின் பெயரும் விளக்கக் குறிப்பும் மறைந்துபோகும்.

சின்னப் பிழைகளைக் கெதியாகச் சொல்கிறேன். ஒற்றை அடிக்கோட்டோடு _கோல்_ என்று எழுதினால் அது சாதாரண மெதட், பைதன் எச்சரிக்காது. __கோல்__ இன் 'டெஃப்' ஒரு படி கூடுதலாக உள்ளே தள்ளப்பட்டால் அது __இனிட்__ இன் உள்பங்ஷன் ஆகிவிடும். ரிட்டர்னை மறந்தால் விலைக்குப் பதில் 'நன்' வரும். 'இன்ட் ஒப்ஜெக்ட் இஸ் நொட் கோலபிள்' என்று வந்தால் __கோல்__ இல் தேட வேண்டாம்; எங்கோ ஓரிடத்தில் அதே பெயருக்கு நாடு = 120 என்பது போல எண்ணை வைத்திருப்பீர்கள்.

ஒன்றை அழைக்கலாமா என்று பார்க்க 'கோலபிள்' என்ற உள்ளமைந்த பங்ஷன் உண்டு. பைதன் 3.0, 3.1 இரண்டிலும் அதை எடுத்துவிட்டு 3.2 இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அது 'ட்ரூ' என்று சொன்னால் அழைக்க வழி இருக்கிறது என்று மட்டுமே பொருள். உள்ளீடு சரியா என்று அது பார்க்காது. __கோல்__ ஐ 'எசின்க்' ஆக (இடையில் காத்திருந்து மற்ற வேலைக்கு இடம் விடும் பங்ஷனாக) எழுதினால் இன்ஸ்பெக்ட் மொடியூலின் 'இஸ்கொரூட்டின்பங்ஷன்' அந்த ஒப்ஜெக்டுக்கு 'ஃபோல்ஸ்' என்றே சொல்லும்; ஒப்ஜெக்டை விட்டு, அதன் __கோல்__ ஐக் கொடுத்துக் கேளுங்கள்.

பல்கலைக்கழகத்தில் பைடோர்ச் (நரம்பு வலை மொடல்களைச் செய்யும் பைதன் நூலகம்) படிக்கப் போகிறவர்களுக்கு: அங்கே மொடல்(உள்ளீடு) என்றுதான் அழைக்க வேண்டும், மொடல்.ஃபோர்வர்ட்(உள்ளீடு) என்று அல்ல. பதிவு செய்த ஹுக்குகளை (மொடல் ஓடும்போது கூடவே ஓட வேண்டும் என்று சேர்த்து வைத்த பங்ஷன்கள்) ஓட்டுவது __கோல்__ இன் வேலை. ஃபோர்வர்டை நேரே அழைத்தால் விடை வரும், ஹுக்குகள் ஓடாது.

மற்ற மொழிகளில் பெயர் மாறும், எண்ணம் ஒன்றே. சி++ இல் 'ஒப்பரேட்டர்()', பிஎச்பியில் 5.3 முதல் __இன்வோக், கொட்லினில் 'இன்வோக்', சுவிஃப்டில் 5.2 முதல் 'கோல்அஸ்பங்ஷன்'. ஜாவாவில் ஒப்ஜெக்டுக்குப் பின்னால் நேரே அடைப்புக்குறி போட வழியில்லை. ஒரே மெதட் உள்ள இன்டர்ஃபேஸ் ஒன்றைச் செய்து அந்த மெதட்டைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும்.

எப்போது வேண்டாம்? ஒப்ஜெக்ட் செய்யும் வேலை ஒன்றுக்கு மேல் என்றால் வேண்டாம். உங்கள் நெல்விலைக்குள் விலையும் ரசீதும் லொறிக் கூலியும் சேர்ந்துவிட்டால், நாடு(860, 18) எதைத் தரும் என்று ஆறு மாதம் கழித்து வாசிப்பவருக்கு விளங்காது. அப்போது நாடு.விலை(...), நாடு.ரசீது(...) என்று பெயர் உள்ள மெதட்டுகளே நல்லவை. வெளியே ஒரு பட்டனோ சோர்ட்டோ பங்ஷன் கேட்டால் நாடு.விலை என்று அடைப்புக்குறி இல்லாமல் கொடுக்கலாம். அதுவும் தன் ஒப்ஜெக்டை நினைவில் வைத்திருக்கும். நினைவில் வைக்க ஒரே ஒரு மதிப்புத்தான் என்றால் கிளாஸே வேண்டாம், உள்ளீட்டை முன்கூட்டியே நிரப்பி வைக்கும் ஃபங்டூல்ஸின் 'பார்ஷியல்' போதும்.

__கோல்__ தான் வேண்டும் என்று முடிவெடுத்தால் கூடவே ஒரு __ரெப்ர்__ ஐயும் எழுதிவிடுங்கள். பங்ஷனுக்கு __நேம்__ உண்டு, நமது ஒப்ஜெக்டுக்கு அது தானாக வராது. பிழை தேடும்போது திரையில் வெறும் நினைவக முகவரி வந்தால் அது நாடா சம்பாவா என்று தெரியாது. கிலோவிலையையும் ஈர எல்லையையும் சேர்த்துத் திருப்பித் தரும் ஒரு வரி போதும்: திரையில் நெல்விலை(120, 14) என்று வரும்.